பெட்டிக்குள் இருந்தவள் பேசுகிறேன்

கூட்டம் கலையாமல் காத்து, கடைசியாகப் பேச வந்த எனக்கும் காது கொடுக்க இசைந்த அக்கிராசனர் தங்கராஜு ஐயா அவர்களே! சங்கத்தின் காரியதரிசியும், எங்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்து அகரம் எழுதவைத்தவருமான சந்தனசாமி வாத்தியார் அவர்களே! இன்றைய தீர்மானத்தைக் கொண்டுவந்துவிட்டு, போட்ட மாலையைக் கழற்றாமல் முன்வரிசையில் வீற்றிருக்கும் கங்காணி வீரமுத்து அண்ணே! தங்காக்கிலிருந்து லாரியில் நின்றபடியே வந்து சேர்ந்த தோட்டத்து மகாஜனங்களே! கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் பத்து பாகாட் ஊர் வியாபாரப் பெரியவர்களே! பாய் விரித்த பக்கத்தில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அமர்ந்திருக்கும் பெற்ற தாய்மார்களே, பெறப்போகிற தாய்மார்களே! உள்ளே இடமில்லாமல் சன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்குகிற தம்பிமார்களே! உங்கள் எல்லாருக்கும் இந்த வெள்ளையம்மாவின் வணக்கம்.

எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். கங்காணி அண்ணன் அரைமணி நேரம் பேசினார். பரவாயில்லை. அவர் நினைவிலிருந்து பேசினார், அதனால் நேரமாகிவிட்டது. நான் வலியிலிருந்து பேசுகிறேன். வலிக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் மாயாஜால வித்வான் சின்னத்தம்பியின் மனைவி. இருபத்திரண்டு வருஷமாக இந்த ஜோகூர் சீமையில் ஊர் ஊராக, தோட்டம் தோட்டமாகப் பெட்டிக்குள் போய் மறைந்தவள். மறைந்த இடத்திலிருந்து மறுபடியும் வந்து உங்களைக் கும்பிட்டவள். படித்தது ஐந்தாம் வகுப்பு. வயது நாற்பத்தாறு. பேரப்பிள்ளைகள் மூன்று. மூன்று பேரப்பிள்ளை எடுத்த பிறகும் முழங்காலை மோவாயில் முட்டவைத்து, மூச்சை அடக்கி, முட்டைக்குள் குஞ்சு மாதிரி மடங்கிப் படுக்க என்னால் முடியும். இந்த மண்டபத்தில் உள்ள குமரிகளில் யாருக்காவது முடியுமா? முயன்று பாருங்கள், முதுகு பிடித்துக்கொள்ளும்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்த முகத்தோடு தீர்மானத்தையும் கேளுங்கள். “மாயவித்தைக்காரர் எவரும் இனிமேல் இந்தச் சங்கத்து மேடையில் ஏறலாகாது.” ஒரே வரி. வாத்தியார் ஐயா அழகாக எழுதியிருக்கிறார், ஒரு பிழையில்லை.

இந்த ஒரு வரி எப்படிப் பிறந்தது? சங்கத்து ஆண்டு விழாவில் ஒரு மணி நேரம் மேடை கொடுங்கள் என்று நான் மனு எழுதினேன். என் வீட்டுக்காரருக்கு வலது கை போய்விட்டது. ஆகவே நான் வித்தை காட்டுகிறேன், என் மகள் சந்திரமதி பெட்டிக்குள் போகிறாள், அவர் ஓரமாக நின்று வாயால் ஆட்டத்தை நடத்தட்டும் என்று எழுதினேன். மனுவுக்குப் பதில் வரவில்லை, தீர்மானம் வந்தது. அதே ஆண்டு விழாவில், இதே மேடையில், வெள்ளைத் துணி கட்டி, அந்த டாக்கிப் படத்தைக் காட்டப்போகிறார்களாம்! மாயவித்தைக்காரன் மேடை ஏறக்கூடாது, மாயவித்தைக்காரன் வேஷம் போட்டவன் ஏறலாம். நிஜத்துக்குப் பூட்டு, நிழலுக்குப் பூமாலை! இது நியாயமா? இது நேர்மையா? நீங்களே சொல்லுங்கள்.

என்னம்மா அங்கே? “எந்தப் படம்”னா கேட்கிறாய்? உனக்குத் தெரியாத படமா? நீ மூன்று தடவை பார்த்தவள்தானே!

போன வருஷம் தங்காக் கூடாரக் கொட்டகையில் ஒரு மாதம் ஓடிய படம்தான். நானும் என் வீட்டுக்காரரும் போய்ப் பார்த்தோம். பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தோம். அதில் ஒரு மாயவித்தைக்காரன் வருகிறான். கறுப்பு அங்கி, காதுவரை மீசை, கழுத்தில் மண்டையோடு. அவன் கண்ணை உருட்டினால் கன்னிப்பெண் கால் மடங்கி விழுகிறாள். அவளைப் பெட்டியில் போடுகிறான், பெட்டியை மூடுகிறான், திறக்கிறான், பெண்ணைக் காணோம். காணாமற்போன பெண்ணைக் கப்பல்காரனிடம் விற்கிறான். இப்படி ஒன்றல்ல, ஏழு பெண்கள்!

ஐயா, பெரியவர்களே, என் வீட்டுக்காரருக்கு மீசையே கிடையாது. வைத்தால் தும்மல் வருகிறது என்று இருபது வயதிலேயே எடுத்துவிட்டார். மண்டையோடா? வாழைத்தோட்டத்துப் பக்கம் பொழுது சாய்ந்தால் தனியாகப் போகமாட்டார். “வெள்ள, நீயும் வாயேன், பேசிக்கிட்டே போலாம்” என்பார். கண்ணை உருட்டிப் பெண்ணை மயக்குகிறவரா? நான் கண்ணை உருட்டினால் அவர்தான் மயங்குவார்!

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அடுத்த வீட்டுப் பெண்ணின் விரல் நுனிகூட எங்கள் பெட்டியில் பட்டதில்லை. கட்டிய மனைவி, கூடப்பிறந்த சகோதரி, பெற்ற மகள், இந்த மூன்று பேரைத் தவிர வேறு பெண் பெட்டிக்குள் இறங்கக்கூடாது என்பது எங்கள் தொழிலின் கட்டு. எத்தனை பணக்கார வீட்டுப் பெண்கள் “நானும் ஒரு தடவை போய்ப் பார்க்கிறேன்” என்று கெஞ்சியிருக்கிறார்கள், தெரியுமா? “தங்கச்சி, பெட்டி வெறும் பெட்டிதான், போய் ஐஸ் தண்ணி குடி” என்று அனுப்பியிருக்கிறார். அந்த மனுஷனைத்தான் துணியில் கண்டதாக நினைத்தீர்கள்.

படம் ஓடும்போது கொட்டகை முழுக்க அலறல். “அடப்பாவி! அந்தப் பொண்ண விட்றா!” என்று துணியைப் பார்த்து ஒருவர் செருப்பை எறிந்தார். செருப்பு முன்வரிசைக்காரர் தலையில் விழுந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்.

“ஏங்க, நம்ம தொழில இப்படிக் கேவலப்படுத்துறான், நீங்க சிரிக்கிறீங்களே?” என்றேன்.

“அந்த ஊதுபத்திப் புகையப் பாரு வெள்ள,” என்றார். “பொண்ணு மறையறதுக்கு முன்னாடி புகை இந்தப் பக்கம் போச்சு. மறைஞ்ச உடனே அந்தப் பக்கம் போவுது. நடுவுல படத்த நிறுத்தி, பொண்ண ‘நீ போய்ட்டு வா தாயி’ன்னு அனுப்பிட்டு, திரும்ப ஓட்டியிருக்கான். கத்தரிக்கோல வச்சு ஒட்டியிருக்கான். அலமாக், நல்ல வேலதான்!”

கேட்டீர்களா? தன்னைக் கள்ளன் என்று காட்டிய படத்தின் கைவேலையை மெச்சினார் அந்த மனுஷன். உங்கள் கண் முன்னால், பட்டப்பகலில், நான்கு பக்கமும் ஆள் சூழ்ந்து நிற்க, உயிரோடு ஒருத்தியை மறையவைப்பவர் அவர். அதற்கு இருபத்திரண்டு வருஷத்து உழைப்பு வேண்டும். கத்தரிக்கோலுக்கு என்ன வேண்டும்? கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும்!

அப்போது எங்களுக்குப் பின்னால் ஒருவன், குரல் மட்டும் கேட்டது, “டேய், முன்னால உட்கார்ந்திருக்கிறானே, இவனும் அந்தத் தொழில்தானேடா?” என்றான். இன்னொருவன், “ஆமாலா, இவனும் பொட்டி வச்சிருக்கான்லா” என்றான். என் வீட்டுக்காரரின் சிரிப்பு அத்தோடு நின்றது.

அதற்குப் பதினேழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. தங்காக்கை அடுத்த ஒரு தோட்டம். பெயர் வேண்டாம், இங்கே வந்திருப்பவர்களுக்குத் தெரியும். மத்தியானம் மூன்று மணி ஆட்டம். லயத்து வீட்டு வரிசைக்கு எதிரில் பலகை போட்டு மேடை கட்டினார்கள், நீங்கள்தான் கட்டினீர்கள். நான் பெட்டிக்குள் போனேன். மூடி விழுந்தது. அவர் பெட்டியைத் திறந்து காட்டினார். உங்கள் கண்ணுக்கு நான் இல்லை. நீங்கள் கை தட்டினீர்கள். அந்தக் கைத்தட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஏனென்றால் அதுதான் கடைசி.

பெட்டியை அவர் மறுபடியும் மூடுவார். மேடைப் பலகையில் வலது காலால் இரண்டு தட்டு தட்டுவார். அது கேட்டால் நான் வெளியே வருவேன். கேட்காவிட்டால் இடியே விழுந்தாலும் அசையக்கூடாது. தாலி கட்டிய மறுநாள் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் அது. ஒருமுறை குளுவாங் ஊர் ஆட்டத்தில் கட்டெறும்பு காதுக்குள் போனபோதும் நான் அசையவில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.

மூடி விழுந்தது. தட்டுச் சத்தம் வரவில்லை. அதற்குப் பதில் ஒரு தாயின் குரல் வந்தது.

“ஐயோ, எம் பொண்ணக் காணோமே! எங்க ராசம்மாவக் காணோமே!”

செல்லம், நீ அங்கே உட்கார்ந்திருப்பது தெரிகிறது. தலையைக் குனியாதே தாயே. உன்மேல் எனக்குக் கோபமில்லை. பதினேழு வயது மகளைக் காணாத தாய் யாரைத்தான் சந்தேகப்படமாட்டாள்? நான் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தால் நானும் அலறியிருப்பேன். உன் குரலை நான் மன்னித்துவிட்டேன். உன் குரலுக்குப் பின்னால் வந்த குரல்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

“படத்துல வந்த மாதிரியே செஞ்சுட்டான்டா!”

“பொட்டியத் தெறடா, தேவடியா மவனே!”

தாய்மார்கள் மன்னிக்கவேண்டும். மேடையில் சொல்லத் தகாத சொல்தான். அவர் காதில் விழுந்த சொல் உங்கள் காதிலும் விழட்டும் என்றுதான் சொன்னேன்.

அவர் என்ன பதில் சொன்னார் தெரியுமா? “ஐயா, கொஞ்சம் பொறுங்க. ஆட்டம் முடியட்டும். நானே தெறந்து காட்டறேன்.” ஆட்டம் முடியட்டுமாம்! கூட்டம் கம்போடு ஏறுகிறது, இவர் ஆட்டத்தைக் காப்பாற்றுகிறார்!

மேடையில் காலடிகள். பத்துக் காலடி, இருபது காலடி. பலகை அதிர்கிறது, பெட்டி அதிர்கிறது. அத்தனை காலடியிலும் ஒரு காலைத்தான் நான் தேடினேன். அவர் கால் எப்படி விழும் என்று எனக்குத் தெரியும். அது விழவில்லை. ரப்பர்ப் பால்வாளி சுமக்கிற காண்டாக் கம்பு விழுகிற சத்தம் கேட்டது. முதல் அடி. இரண்டாவது அடி. மூன்றாவது அடியில் எலும்பு முறிகிற சத்தம். பச்சைக் குச்சியை ஒடித்தால் கேட்குமே, அந்த மாதிரி. அவர் “அம்மா” என்றார். ஒரே ஒரு தடவைதான்.

நான் அசையவில்லை, மகாஜனங்களே! என் புருஷனை அடிக்கிறார்கள். அடிக்கிற இடத்துக்கும் எனக்கும் ஒரு முழ தூரம்கூட இல்லை. முழங்காலை மோவாயில் முட்டவைத்து, மூச்சை அடக்கி, தட்டுக்காகக் காத்துக் கிடந்தேன். எந்தப் படத்திலாவது இதைக் காட்டுவானா? பெட்டிக்குள் கிடக்கிற பெண் மயங்கிக் கிடக்கிறாள் என்றுதானே காட்டுகிறான்? நான் மயங்கிக் கிடக்கவில்லை. முழு நினைவோடு கிடந்தேன். மயங்கியிருந்தால் புண்ணியமாய்ப் போயிருக்கும்.

கடைசியில் கோடாலியால் பெட்டியைப் பிளந்தார்கள். வெளிச்சம் வந்தது. உள்ளே ஒரு பெண்! “ஆ, இருக்கா, இருக்கா! ஒளிச்சு வச்சிருக்கான்!” என்று கூத்தாடினார்கள். செல்லம் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பிப் பார்த்து, “ஐயோ, இது கெழவிலா!” என்றாள்.

சிரிப்பு வருகிறதல்லவா? சிரித்துவிடுங்கள், அடக்காதீர்கள். அன்றைக்கும் சிரித்தீர்கள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கீழே கிடக்க, கூட்டமே சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் அடி நின்றது. அதற்காக உங்கள் சிரிப்புக்கு நான் கடன்பட்டவள்.

என்ன அண்ணே, எழுந்து நிற்கிறீர்கள்? “நான் அடிக்கல”ங்கிறீர்களா? நான் உங்களைச் சொல்லவே இல்லையே! உட்காருங்கள் கங்காணி அண்ணே, மாலை நசுங்கப்போகிறது.

தோட்டத்து டிரஸ்ஸர் கட்டுப் போட்டார். எலும்பு சேர்ந்தது, விரல் சேரவில்லை. நான்கு விரல் மடங்குவதில்லை. சீட்டு நிற்காது, ஒற்றைக் காசு நிற்காது, கைக்குட்டை நிற்காது. சாதத்தை நான்தான் பிசைந்து வைக்கிறேன். ஒருநாள் கேட்டேன். “ஏங்க, ரெண்டு தட்டு தட்டியிருந்தா நான் வெளிய வந்திருப்பேனே. அடி விழுந்திருக்காதே. தொழில் ரகசியம்னா உயிரவிடப் பெருசா?”

“நீ வெளிய வந்தா உன்னயும் அடிப்பாங்கன்னு நெனச்சேன்,” என்றார்.

“அப்போ ரகசியத்துக்காக இல்லியா?”

மடங்காத விரல்களைத் தடவிப் பார்த்தார். “அதுவுந்தான்,” என்றார்.

ராசம்மா என்ன ஆனாள் என்று பத்து பாகாட்காரர்கள் கேட்பீர்கள். அவளை யாரும் மறைக்கவில்லை. தோட்டமே எங்கள் ஆட்டத்தைப் பார்க்க உட்கார்ந்த நேரம் பார்த்து, லாரி ஓட்டுகிற வேலுவோடு அவளாகத்தான் கிளம்பினாள். தம்போய் ஊருக்குப் போய்ச் சேர்ந்து கல்யாணம் செய்துகொண்டாள். மூன்றாம் மாதம் கழுத்தில் தாலியோடு வந்தாள். நல்ல பெண், நன்றாக இருக்கட்டும்! லயமே கூடி விருந்து சாப்பிட்டது. பாயசம் இரண்டு தரம் ஊற்றினார்களாம். அந்த விருந்தில் ஒருவர், ஒரே ஒருவர், “அந்த வித்தைக்காரன் கையை ஒடித்தோமே, போய்ப் பார்த்துவிட்டு வருவோமா?” என்று கேட்டாரா? கேட்டிருந்தால் எழுந்து நில்லுங்கள், இந்த மேடையிலேயே காலில் விழுகிறேன்.

யாருமில்லை.

படம் எடுத்தவர்களை நான் திட்டப்போவதில்லை. அவர்கள் எங்கேயோ இருக்கிறார்கள். தங்காக் எங்கே இருக்கிறதென்றே அவர்களுக்குத் தெரியாது. கதை விற்க ஒரு கள்ளன் வேண்டும், மாயவித்தைக்காரன் அகப்பட்டான், எடுத்துவிட்டார்கள். அவர்கள் கையில் கத்தரிக்கோல், எங்களுக்குக் கிடைத்தது காண்டாக் கம்பு. என் கேள்வி உங்களுக்குத்தான். இருபத்திரண்டு வருஷம் உங்கள் லயத்தில் சோறு தின்ற மனுஷனைப் பக்கத்திலிருந்து பார்த்த நீங்கள், ஒரு மாதம் துணியில் ஆடிய நிழலை நம்பினீர்களே, ஏன்? உங்கள் பிள்ளை காதிலிருந்து காசு எடுத்துக் கொடுத்து அழுகையை நிறுத்தியவரைவிட, கண்ணை உருட்டிய கூத்தாடி எந்த வகையில் உங்களுக்கு உறவு?

“ஜனங்கள் பயப்படுகிறார்கள், மறுபடியும் கலவரம் வந்துவிடும், ஆகவே தடை” என்று கங்காணி அண்ணன் விளக்கம் சொன்னார். ஆகா, அருமையான விளக்கம்! அடித்தவர்கள் பயப்படுகிறார்கள், ஆகவே அடிபட்டவர் வெளியே போகவேண்டும். பயம் தந்த படத்தை மட்டும் இன்னொரு தடவை போட்டுப் பார்க்கவேண்டும்!

ஐயா அக்கிராசனரே, மணியைப் பார்க்கிறீர்கள். முடித்துவிடுகிறேன்.

அவர் ஏழு மாதமாக வாசற்படி தாண்டவில்லை. நேற்று நான் மனுவைப் பற்றிச் சொன்னதும் கறுப்புக் கோட்டை எடுத்து, இடது கையாலேயே இஸ்திரி போட்டு, ஆணியில் மாட்டினார். “சங்கத்து மேடைன்னா வரேன் வெள்ள. அவங்க கூப்பிட்டா வரேன்,” என்றார். இப்போது வீட்டில் உட்கார்ந்து நான் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டிருப்பார். தீர்மானத்தைக் கைவிடுங்கள் என்று உங்களைக் கெஞ்சத்தான் இங்கே வந்தேன். வரும் வழியெல்லாம் கெஞ்சுகிற வார்த்தையைத்தான் கோத்துக்கொண்டு வந்தேன்.

கெஞ்சமாட்டேன். உங்கள் முகங்களைப் பார்த்த பிறகு கெஞ்ச மனம் வரவில்லை. தீர்மானத்தை நிறைவேற்றுங்கள். ஒரே ஒரு திருத்தம் சொல்கிறேன், வாத்தியார் ஐயா எழுதிக்கொள்ளட்டும். வெறும் தடை போதாது, காரணத்தையும் எழுதுங்கள். “சின்னத்தம்பியின் கையை நாங்கள் ஒடித்தோம். அவர்மேல் குற்றமில்லை என்று பிறகு தெரிந்துகொண்டோம். அவர் முகத்தைப் பார்க்க எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. ஆகவே அவர் எங்கள் முன்னால் வரவேண்டாம்.” இதை எழுதி, சங்கத்து முத்திரை குத்திக் கொடுங்கள். முதல் கையெழுத்து நான் போடுகிறேன். அவரிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுகிறேன். கோட்டை ஆணியிலிருந்து எடுத்து மடித்துவைத்துவிடுவார்.

ஏன் வாத்தியார் ஐயா, பேனா நின்றுவிட்டது?

எழுத முடியாதென்றால், இன்னும் ஒன்றுதான் மிச்சம். இங்கே கை தூக்கி வாக்குக் கேட்பது வழக்கம். உங்களில் யார் அவரை அடித்தது என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. கோர்ட்டில் கேட்டாலும் சொல்ல என்னிடம் சாட்சியில்லை. நான் பெட்டிக்குள் இருந்தேன், உள்ளே இருட்டு. யாருடைய கை கம்பைப் பிடித்தது என்பது அந்தக் கைக்கு மட்டும்தான் தெரியும்.

இத்தனை நேரம் எழுந்து போகாமல் கேட்டவர்களுக்கு நன்றி. அழுத தாய்மார்களுக்கு நன்றி. சிரித்தவர்களுக்கும் நன்றி. சின்னத்தம்பி வீட்டிலிருந்து உங்கள் எல்லார் வீட்டுக்கும் என் கும்பிடு.

அக்கிராசனர் அவர்களே, நான் இறங்கப்போவதில்லை. இங்கேயே நின்று பார்க்கிறேன். கேளுங்கள், தீர்மானத்தை ஆதரிக்கிறவர்கள் கை தூக்கட்டும்.